நேபாளத்தின் தொரோங் லா கணவாயைக் கடக்கும் நாள் எப்படி இருக்கும்? வெள்ளியங்கிரி ஏறிய அனுபவம் போதுமா?

கால்களுக்குப் போதும், மூச்சுக்குப் போதாது.

வெள்ளியங்கிரியில் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஏறி, விடிந்ததும் மூங்கில் தடியை ஊன்றி அத்தனை படியும் இறங்கி வந்தவருக்கு, அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் இந்த நாளில் பாதி ஏற்கெனவே பழக்கம்தான். மீதிப் பாதி உயரம். நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர், இந்தக் கணவாய் 5,416 மீட்டர். தொட்டபெட்டாவின் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் எட்டாது. அங்கே ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. இதற்கு ஊரில் எந்தப் பயிற்சியும் கிடையாது. கணவாய்க்கு முன்னால் வருகிற மனாங் ஊரில் (3,540 மீட்டர்) கூடுதலாக ஒரு நாள் தங்கி, அன்றைக்கு ரூமில் படுத்துக் கிடக்காமல் கொஞ்சம் மேலே ஏறிவிட்டு வந்து தூங்குவதுதான் பயிற்சி. தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், கணவாயை மறந்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்.

முதல் நாள் ராத்திரி, கணவாய் ஏற்றத்தின் அடிவாரத்தில் இருக்கும் தொரோங் பேடியில் தங்கினேன். இன்னும் மேலே ஹை கேம்ப் இருக்கிறது, அங்கே படுத்தால் மறுநாள் ஏற்றம் குறையும், ஆனால் அந்த உயரத்தில் பாதிப் பேருக்குத் தூக்கம் வராது, விடிய விடிய இருமல் சத்தம் கேட்கும் என்று சொன்னார்கள். தூக்கம்தான் முக்கியம் என்று முடிவு செய்தேன். பேடியிலும் ஒன்றும் பிரமாதமாகத் தூங்கவில்லை, அது வேறு விஷயம்.

விடியற்காலை நான்கு மணி சுமாருக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், காலை பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று பிடித்துக்கொள்ளும், அதற்குள் உச்சியைத் தாண்டிவிட வேண்டும். பேடியிலிருந்து ஹை கேம்ப் வரை வளைந்து வளைந்து செங்குத்தாகப் போகிற பாதை, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியும், அது ஒருவகையில் நல்லதுதான், ஏறவேண்டிய மிச்சம் கண்ணில் படாது. தண்ணீர்ப் பாட்டிலை ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். பைக்குள் தண்ணீர்ப் பையும் அதிலிருந்து உறிஞ்சுகிற குழாயும் வைத்திருப்பவர்களுக்கு முதலில் உறைவது அந்தக் குழாய்தான். போனையும் உள்பாக்கெட்டிலேயே வையுங்கள், குளிரில் பேட்டரி பாதி இருக்கும்போதே அணைந்துவிடும்.

ஹை கேம்ப் தாண்டியபின் ஏற்றம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் முடிந்தபாடில்லை. இதோ உச்சி என்று நினைத்து ஒரு மேட்டை ஏறினால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு, அதற்கும் பின்னால் இன்னொன்று. பத்தடி நடப்பது, நிற்பது, மறுபடி பத்தடி. சம்பளத்துக்கு மூட்டை சுமக்கிற போர்ட்டர்கள் எங்களைக் கடந்து பேசிக்கொண்டே போனார்கள். கடைசியில் வண்ணக் கொடிகளும் பெயர்ப்பலகையும் ஒரு குட்டி டீக்கடையும் வரும். டீ விலையைக் கேட்டு அதிர்ச்சி அடையாதீர்கள், அதையும் யாரோ சுமந்துதான் கொண்டு வந்திருக்கிறார்கள். போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், அங்கே உட்கார்ந்தால் உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

இனிமேல்தான் யாரும் சரியாகச் சொல்லித் தராத பகுதி. இறக்கம். மறுபக்கம் இறங்கிச் சேருகிற கோயில் ஊரான முக்திநாத் 3,800 மீட்டருக்குப் பக்கம், அப்படியென்றால் ஏறக்குறைய 1,600 மீட்டர் ஒரே மூச்சில் இறங்கவேண்டும், அதுவும் விடிவதற்கு முன்னால் இருந்து ஏறிக் களைத்த கால்களோடு. சறுக்குகிற சரளைக்கல், நிழலில் இறுகிக் கிடக்கிற பனி. ஏறும்போது எல்லோரையும் முந்திக்கொண்டு போன ஒரு இளைஞர் பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைக்கும் தடி, கால்விரல் நுனியில் இடிக்காத ஷூ, வெட்டிவிட்ட நகம், இந்த மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். வழியில் சராபு என்ற இடத்தில் கடைகள் வரும், பருப்பும் சோறும் கிடைத்தால் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள். எதிரே தவளகிரி (8,167 மீட்டர்) தெரியும், மனாங் பக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதபடி மரமில்லாத காய்ந்த முஸ்தாங் மாவட்டத்து மண் விரிந்து கிடக்கும். நான் அதிகம் ரசித்தது உச்சியை இல்லை, இந்த இடத்தைத்தான்.

அக்டோபர் நல்ல மாதம் என்பார்கள், உண்மைதான். ஆனால் 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் இரண்டு நாளில் இங்கே பனிப்புயலாக வந்து இறங்கியது. அந்தப் பேரிடரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பலர் இந்தக் கணவாய்ப் பாதையில் இருந்தவர்கள். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் நேபாளத்தில் இருந்தாலும் காதில் போட்டுக்கொள்ளுங்கள், லாட்ஜ்காரர் இன்றைக்கு வேண்டாம் என்றால் அவரோடு வாதாடாதீர்கள்.

முக்திநாத்தைத்தான் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத் தலம் என்று வைணவர்கள் கொள்கிறார்கள், அதனால் கோயில் வாசலில் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 108 நீர்த்தாரைகளிலும் தலையை நனைக்கிற ஆசை இருந்தால் மறுநாள் காலை வையுங்கள், வியர்த்த உடம்போடு அந்த ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

அன்றைக்கே கீழே விமான நிலையம் இருக்கிற ஜோம்சோம் போய்விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜீப் கிடைத்தால் போகலாம். நடந்து போக நினைக்காதீர்கள், மதியத்துக்கு மேல் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்று மண்ணை வாரி முகத்தில் இறைக்கும், அங்கே விமானங்களே காலையில்தான் பறக்கின்றன. கோயிலுக்குக் கீழே ராணிபவ்வாவில் லாட்ஜ் நிறைய இருக்கிறது, வெந்நீர் வருகிறதா என்று முதலில் கேட்டுவிட்டு ரூம் போடுங்கள்.