பெண்ணியக் கலைஞர்கள் அதிர்ச்சி தரும்படி நிகழ்த்துவது போராட்டமா, வெறும் விளம்பரமா?

கேள்வி கேட்டவர் மூன்று விஷயங்களை எழுப்பியிருக்கிறார். துணியைக் கிழிப்பதும் உடலைக் காட்டுவதும் கவனத்தை இழுக்கத்தானே? இது மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒட்டுமா? இதனால் எதுவும் மாறியிருக்கிறதா? நான் நடுவில் உள்ளதிலிருந்து தொடங்குகிறேன். இந்த மாதிரி ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு தெருவில்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அறுவடை முடிந்து தெருவெல்லாம் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த மாசி மாதம். அத்தை மகள் ஒருத்தி, கல்யாணமாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, புருஷன் வீட்டில் இறந்துபோனாள். தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஆள் வந்து சொன்னது. சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று அங்கே பாடை கட்டத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பிறந்த வீட்டுக் கோடியோடு, அதாவது பிணத்துக்குப் போர்த்தும் புதுப்புடவையோடு, போனோம். கோடியை உள்ளே கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதுதான் வழக்கம். என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவள், உள்ளே போகவில்லை. வாசலுக்கு நேரே நடுத்தெருவில் கோடிப்புடவையை நீளமாக விரித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒப்பாரியில் பொன்னே, மணியே என்றுதான் வரும். அன்றைக்குக் கணக்கு வந்தது. போட்ட பவுன் எத்தனை, அதில் அடகுக்குப் போனது எத்தனை, எந்தப் பொங்கலுக்கு வந்தபோது பிள்ளையின் முதுகில் தழும்பு இருந்தது, வண்டி வாங்கப் பணம் கேட்டு யார் எப்போது வந்தார்கள், எல்லாம் ராகத்தோடு. ஒவ்வொன்றும் முடிகிறபோது மாரில் ஓர் அடி. "உள்ள போயி அழுவு ஆத்தா, தெருவுல என்ன இது கூத்து" என்று பாடை கட்டியவர்கள் அதட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அப்பாயி தோளில் கை போட்டாள். அவள் அந்த வீட்டுக்காரர்களுக்கு உறவு. அப்புறம் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். புடவையைத் தாண்டிப் பாடை போக வழியில்லை, அதை மிதிக்கவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இருட்டுவதற்குள் போலீஸ் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் நடந்த சாவு என்பதால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை வந்தது, பிரேதப் பரிசோதனை நடந்தது. அன்று சாயங்காலமே எரித்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

உள்ளே பாடினால் அது சடங்கு. தெருவில் பாடியதும் அது 'கூத்து' ஆகிவிட்டது. அழுகை அதேதான், இடம்தான் மாறியது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1977-க்குப் போங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலை செய்யப்பட்டுப் பிணமாகக் கிடந்தார்கள். பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அதைத் திகில் கதை போல விற்றன. சூசன் லேசி, லெஸ்லி லபோவிட்ஸ் என்ற இரண்டு கலைஞர்கள் டிசம்பர் 13 அன்று நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். சவ ஊர்தி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து தலை முதல் கால் வரை துக்க உடை மூடிய பெண்கள் இறங்கினார்கள். தலையணியால் ஒவ்வொருவரும் ஏழடி உயரம் தெரிந்தார்கள். கறுப்புக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சிவப்பு. ஒருவர் பின் ஒருவராக ஒலிபெருக்கிக்கு வந்து பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடித்தவர் மேல் ஒரு சிவப்புத் துணி போர்த்தப்பட்டது. செய்திப் படக்காரர்கள் அப்படியே எடுத்துப் போடட்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள். கவனத்தை இழுப்பதுதான் நோக்கம். கொலைகாரன் பக்கம் போன கவனத்தை இறந்தவர்கள் பக்கம் இழுத்தார்கள். இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தெருவில் கிடந்த அந்தக் கோடிப்புடவைதான்.

உடலைக் காட்டுவது பற்றி: ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ 1964-ல் ஜப்பானின் கியோட்டோவில் முதலில் செய்த 'கட் பீஸ்' என்ற நிகழ்வைப் பாருங்கள். மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு கத்தரிக்கோல். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். 1965-ல் நியூயார்க்கில் செய்ததன் படப்பதிவு இருக்கிறது. முதலில் வருபவர்கள் கூச்சத்தோடு ஓரத்தில் சின்னதாக வெட்டுகிறார்கள். பிறகு ஓர் இளைஞன் வருகிறான். நிதானமாக மேலுள்ளாடையை வெட்டி, உள்பாடியின் பட்டியையும் வெட்டுகிறான். அவர் எதுவும் பேசவில்லை, கைகளால் மார்பை மூடிக்கொள்கிறார். அந்தக் கண்களைப் பார்த்துவிட்டு யாராவது விளம்பரம் என்று சொல்ல முடியுமா, எனக்குத் தெரியவில்லை. அங்கே காட்சிக்கு வந்தது அவர் உடல் இல்லை, வெட்டியவனின் கை.

நம் டெல்டாவில் எல்லோருக்கும் நினைவிருக்கும், 2017-ல் அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் 41 நாள் உட்கார்ந்தார்கள். மண்டை ஓடு வைத்தார்கள், எலியைப் பல்லில் கடித்தார்கள், ஒரு நாள் ஆடையைக் கழற்றிவிட்டும் ஓடினார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் அதைப் பார்த்துக் கண் கலங்கியவர்களை எனக்குத் தெரியும். சரி, அதையே ஒரு பெண் செய்தால் மட்டும் ஏன் பேச்சு மானம் மரியாதைக்குப் போகிறது? மணலூர் மணியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கைம்பெண்ணுக்கு விதித்த கோலத்தை உதறி, கிராப்பு வெட்டி, வேட்டி சட்டையோடு கீழத்தஞ்சைச் சேரிகளுக்குள் போய் விவசாயக் கூலிகளைத் திரட்டினார். 1953-ல் இறந்துபோனார். அவர் எதையும் கலை என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அந்த வேட்டியும் கிராப்பும் பண்ணையார்களுக்கு முன்னால் தினமும் நடந்த ஒரு நிகழ்த்துகலை என்றே நான் நினைக்கிறேன்.

இந்தியாவில் இதற்கு மேல் ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது: மணிப்பூர். 2000-ல் கன்ஹைலால் இயக்கிய 'திரௌபதி' நாடகத்தில் சாவித்திரி ஹெய்ஸ்னம் மேடையில் ஆடையைக் களைந்து சிப்பாய்களுக்கு எதிரே நின்றார். ஊரே திட்டியது. நான்கு வருஷம் கழித்து, மனோரமா என்ற பெண்ணைப் பாதுகாப்புப் படை பிடித்துப்போய், அவர் பிணமாகக் கிடைத்த பிறகு, 2004 ஜூலை 15 அன்று பன்னிரண்டு தாய்மார்கள் இம்பாலின் கங்லா கோட்டை வாசலில் ஆடையில்லாமல் நின்றார்கள். அடுத்த மாதமே படையினருக்குத் தனி அதிகாரம் தரும் ஆயுதப் படைச் சிறப்புச் சட்டம் இம்பால் நகரப் பகுதியிலிருந்து விலக்கப்பட்டது. கோட்டைக்குள் முகாமிட்டிருந்த அசாம் ரைபிள்ஸ் படை நவம்பரில் அதைக் காலி செய்தது.

அதற்காக எல்லா அதிர்ச்சியையும் நான் ஏற்பதில்லை. செய்பவருக்கு இழக்க ஒன்றுமில்லாமல், அடுத்தவள் காயத்தை எடுத்துத் தன் பெயருக்குப் பயன்படுத்தும் வேலைகளும் நடக்கின்றன. நான் பார்ப்பது இவ்வளவுதான்: அந்த இடத்தில் நிற்பதற்கு அவள் என்ன விலை கொடுக்கிறாள்?

எதுவும் மாறுமா என்ற கேள்விக்கு என் வீட்டுக் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். வழக்கு ஆறு வருஷம் இழுத்தது, நிற்கவில்லை. சாட்சிகள் பெரும்பாலும் பிறழ்ந்துவிட்டார்கள். முதலில் வந்து அப்பாயி தோளில் கை போட்ட எதிர்வீட்டுப் பெண் மட்டும், சொந்தபந்தம் பேச்சுவார்த்தையை நிறுத்திய பிறகும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள்.