கொழும்பில் பாடசாலைத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு விளையுமா?

செடி வளரும். கிழங்கைக் கேட்டால்தான் சிக்கல். எங்கள் தரம் 7 பிள்ளைகளோடு 10 உரப்பைகளில் போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டிசம்பர் விடுமுறைக்கு முதல் நாள் நட்டோம். விடுமுறை முழுக்கக் காவலாளி ஐயாதான் தண்ணீர் ஊற்றினார், ஜனவரியில் வந்து பார்த்தால் செடியெல்லாம் முழங்காலைத் தாண்டிக் கடும் பச்சையில் நிற்கிறது, பிள்ளைகளுக்கு ஒரே புளுகம். அதிபர் வேறு, சிற்றுண்டிச்சாலைக்குக் கிழங்கு தருவீர்களா என்று கேட்டுவிட்டார். மார்ச்சில் இலை பழுத்ததும் பாயை விரித்து முதல் பையைக் கவிழ்த்தோம். 11 கிழங்கு. ஒன்று கோழிமுட்டை அளவு, மற்றதெல்லாம் போளை. ஒருவன் அதில் ஒன்றை எடுத்துச் சுண்டிப் போளையே அடித்துக் காட்டினான்!

பிழை உரத்தில் இல்லை, இரவுச் சூட்டில். கிழங்கு நன்றாகத் திரள இரவில் 15 முதல் 20 பாகை வரை இருக்கவேண்டும். கொழும்பில் ஜனவரியில்கூட 20க்குக் கீழே இறங்குவது குறைவு. சூட்டில் செடி இலையும் தண்டுமாகத்தான் வளரும். நுவரெலியா, வெலிமடைக்கு அந்தக் கவலை இல்லை. யாழ்ப்பாணத்திலும் நவம்பரில் நட்டுப் பெப்ரவரியில் கிண்டி எடுப்பதோடு சரி.

அதற்காக விடவேண்டாம், பாடத்துக்கு இதைவிட நல்ல செடி இல்லை. ஆனால் கடையில் கறிக்கு வாங்கியதை நடாதீர்கள், வாடல் நோயும் கூடவே வரலாம். விதைக்கிழங்கே தேடி எடுங்கள். பையில் கால்வாசிக்கு மண்ணும் கூட்டெருவும் போட்டு, முளை மேல்பக்கமாக நட்டு, செடி உயர உயர மண் அணையுங்கள். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்கவேண்டும். கத்தரி, தக்காளி நின்ற மண்ணும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். அப்புறம், பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வந்துவிடும்.

சிற்றுண்டிச்சாலைக்குக் கிழங்கு வேண்டுமென்றால் வற்றாளைக் கொடியை நடுங்கள். உருளைக்கிழங்கில் தண்டு திரண்டு கிழங்காகிறது, வற்றாளையில் வேர் திரண்டு கிழங்காகிறது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டவும் வசதி. எங்கள் வேலியோரத்தில் இப்போது அதுதான் படர்ந்து கிடக்கிறது, அதிபரும் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.