காட்டெருமைக்கு 9.3×62 போதுமா, .375 வேண்டுமா?

கோபியிலிருந்து ஆப்பிரிக்கா வேட்டைக்குப் போகும் நண்பர் கேட்டிருக்கிறார்; இரண்டும் வேட்டைத் துப்பாக்கித் தோட்டா வகைகள். நம்ம சத்தியமங்கலம் காட்டுப் பேச்சு வேண்டாமுங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டையே குற்றம். அங்கே காட்டெருமையும் பட்டியலில் இருந்தால் .375 ஹெச் அண்ட் ஹெச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) தான். 1912இல் வந்தது, 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,500 அடி வேகத்தில் தள்ளும், ஆபத்தான விலங்குக்கு அதுதான் குறைந்தபட்சம் என்று அங்கே பல இடங்களில் விதியே இருக்கிறது. எலாண்ட், குடு மான்கள் மட்டும் என்றால் 9.3×62 தாராளம், தோட்டாவை ஏற்றிப் பூட்டும் சாதாரண மவுசர் ஆக்‌ஷனிலேயே அடங்கும், சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு. உதை சின்ன விஷயமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து .375ஐச் சுட்டால் தென்னை மட்டையால் தோளில் சாத்தின மாதிரி இருக்கும், நாலைந்து தோட்டாவுக்கு அப்புறம் விரல் டிரிகரை அழுத்துவதற்கு முன்னாலேயே கண் மூடிக்கொள்ளும், குண்டு எங்கோ போகும். அதனால் பெஞ்சில் குறைவாக, நின்றுகொண்டு நிறையச் சுட்டுப் பழகுங்கள்.