கெட்டியாக்கிய தண்ணீரை அம்மா துப்பிவிடுகிறார் என்ற கேள்விக்கு

அன்பின் சகோதரி, வெள்ளவத்தை முதியோர் இல்லத்தில் இருக்கும் உங்கள் அம்மா, பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவதால் தூள் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கும் தண்ணீரைத் துப்பிவிடுகிறார் என்றும், பணியாளர்கள் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சாதாரணத் தேநீருக்கு அவர் இருமாததால் அதைத் தொடரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொடர வேண்டாம். இருமல் வராமலே நீர் நுரையீரலுக்குள் இறங்கக்கூடும்; அதுவே நிமோனியாவில் முடிவதுண்டு.

தண்ணீரைவிட, அவருக்குப் பிடித்த தேநீரையே கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். கெட்டியாக்கும் தூள் மாவுச்சத்தில் செய்ததாக இருந்தால், வாயில் வைத்த கரண்டியை மீண்டும் கோப்பைக்குள் விடக்கூடாது, ஏனெனில் உமிழ்நீர் பட்டதும் கெட்டித்தன்மை கரைந்து, கடைசி மிடறுகள் வெறும் தண்ணீராகிவிடும். இதை நான் பராமரிப்புப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். பதத்தை 10 மில்லிலீற்றர் சிரிஞ்சில் சோதிக்கலாம்: நிரப்பி, முனையைத் திறந்து 10 விநாடி ஒழுகவிட்டால், 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை எஞ்சுவது, பானங்களின் கெட்டித்தன்மைக்கான சர்வதேச அளவுகோலில் (IDDSI) இரண்டாம் நிலை. அம்மாவுக்கு எந்த நிலை என்பதை, விழுங்கும் சிரமத்தையும் கவனிக்கும் பேச்சுச் சிகிச்சையாளரே சொல்ல வேண்டும். ஜெலியும் ஐஸ்கிரீமும் வாயில் உருகி நீராகிவிடும் என்பதால், சிகிச்சையாளரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு மிடறுகளாக, அடிக்கடி கொடுக்கட்டும். பல்லும் நாக்கும் நாள்தோறும் சுத்தமாக இருக்கட்டும். குடித்த அளவை எழுதிவைக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கருத்தாலோ, வழக்கத்துக்கு மாறாக உறங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.