கேள்வி – பதில்: பட்டினியை ஆயுதமாக்கிய கடற்போர்

கேள்வி: எதிரியின் துறைமுக வாசலில் போர்க்கப்பல்களை நிறுத்தி வழியை அடைப்பதுதான் முற்றுகை என்று படித்திருக்கிறேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் துறைமுகங்களின் அருகில் நிற்கவே இல்லையாமே. பிறகு அது எப்படி முற்றுகையாகும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது நெப்போலியன் காலத்து முறை. அன்று பிரெஞ்சுத் துறைமுகமான ப்ரெஸ்டுக்கு வெளியே பிரிட்டனின் பாய்மரக் கப்பல்கள் மாதக்கணக்கில் காத்து நின்றன. கடற்கண்ணியும், நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் டார்பிடோவும் வந்த பிறகு அப்படி நிற்பது தற்கொலைக்குச் சமமாகிவிட்டது. 1914 செப்டம்பர் 22 அன்று காலையில், டச்சுக் கரைக்கு அப்பால் ரோந்து சென்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் மாண்டனர். (அன்றிரவுதான் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது.)

ஆகவே பிரிட்டன் தொலைவிலிருந்தே வழியை அடைத்தது. ஜெர்மனியின் கப்பல்கள் வட கடலிலிருந்து அட்லாண்டிக்குக்குப் போக டோவர் நீரிணை, ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடல் என இரண்டே வாயில்கள் உண்டு. முதலாவதைக் கண்ணிகளாலும் காவல் படகுகளாலும், இரண்டாவதை ரோந்துக் கப்பல்களாலும் மூடி, நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்று சோதனையிட்டனர். முற்றுகை எதிரியின் கரையை உண்மையாகவே அடைக்க வேண்டும் என்ற 1856ஆம் ஆண்டு பாரிஸ் பிரகடனத்தோடு இது முழுமையாக ஒத்துப்போகவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

கேள்வி: முற்றுகை, நீர்மூழ்கிப் போர் இரண்டுமே எதிரி நாட்டு மக்களைப் பட்டினி போடுபவைதாம். அப்படியிருக்க, ஜெர்மனி மட்டும் ஏன் உலகின் சினத்துக்கு ஆளானது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: மேலே மிதக்கும் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலை நிறுத்தலாம், சோதிக்கலாம், சிறைபிடித்துக் கொண்டுபோகலாம்; யாரும் சாக வேண்டியதில்லை. நீர்மூழ்கியிலோ, பிடித்த கப்பலை ஓட்டிச் செல்ல ஆளும் இல்லை, அதன் மாலுமிகளை ஏற்றிக்கொள்ள இடமும் இல்லை. சட்டப்படி எச்சரிக்க மேலே வந்தால், சரக்குக் கப்பலின் சிறு பீரங்கியே அதன் மெல்லிய உடலைத் துளைத்துவிடும். விதியை மதித்தால் தனக்கு ஆபத்து, மீறினால் பிறருக்குச் சாவு என்னும் இக்கட்டு அந்தக் கருவியின் அமைப்பிலேயே இருந்தது. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிய பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிட்டானியா பதினெட்டு நிமிடங்களில் மூழ்கி, ஏறத்தாழ 1,200 பேர் இறந்தபோது, உலகம் அதைக் கண்ணெதிரே நடந்த கொலையாகவே பார்த்தது.

முற்றுகையின் சாவு அப்படிக் கண்ணுக்குத் தெரியவில்லை. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலப்பொருளான, சிலியிலிருந்து வந்த வெடியுப்பு நின்றது. ஆலைகளில் செய்த நைட்ரேட் வெடிமருந்துக்குப் போனதால் வயலுக்கு உரமில்லை. 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. அந்தக் குளிர்காலத்தில் நகரத்து ஏழைகள், மாட்டுத் தீவனமாகப் பயிரிட்ட டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். பசியாலும் பசியோடு சேர்ந்த நோய்களாலும் இறந்த பொதுமக்களின் எண்ணிக்கையைப் பிற்கால ஆய்வாளர்கள் நான்கு லட்சத்துக்கு மேல் என மதிப்பிடுகின்றனர்; ஜெர்மன் அரசு சொன்ன கணக்கு 7,63,000. போர் 1918 நவம்பரில் ஓய்ந்தபின்னும் 1919 ஜூலை வரை முற்றுகையை நீட்டித்ததற்கு எந்த நியாயத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகள் எந்தப் படையிலும் இல்லை.

கேள்வி: அப்படியானால் நீர்மூழ்கிகளால் ஜெர்மனி ஏன் வெல்ல முடியவில்லை?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கணக்கில் தோற்றது. மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் பிரிட்டன் ஐந்து மாதங்களில் பணியும் என்று கடற்படைத் தளபதி ஹோல்ட்சென்டார்ஃப் 1916 டிசம்பரில் எழுதிக்கொடுத்தார். 1917 பிப்ரவரி 1 முதல் எச்சரிக்கையின்றித் தாக்குதல் தொடங்கியது. ஏப்ரலில் 8 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. ஆனால் அதே ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது.

பிரிட்டனைக் காப்பாற்றியது கப்பல்களைக் கூட்டமாகக் காவலோடு அனுப்பும் கான்வாய் முறை. அதைக் கடற்படைத் தலைமை நெடுநாள் மறுத்தது. வாரந்தோறும் 5,000 போக்குவரத்துகள் நடப்பதாக அவர்களே வெளியிட்ட புள்ளிவிவரத்தை நம்பி, அத்தனைக்கும் காவல் தர இயலாது என்றனர். கரையோரச் சிறு படகுகளையும் சேர்த்த கணக்கு அது. பெருங்கடலைத் தாண்டி வந்து சேர்ந்தவை வாரத்துக்கு 140 அளவில்தான் இருந்தன. பரந்த கடலில் முப்பது கப்பல்களின் கூட்டம் தனிக் கப்பலைவிட அதிகம் கண்ணில் படுவதில்லை; தேடிக் கண்டுபிடித்தாலும் நீர்மூழ்கி காவல் கப்பல்களின் நடுவேதான் தாக்க வேண்டும். 1917 மே மாதம் ஜிப்ரால்டரிலிருந்து புறப்பட்ட முதல் சோதனைக் கான்வாய் இழப்பின்றி வந்து சேர்ந்தது.