குல்லாவ கழட்டச் சொன்னதுக்கா இவ்ளோ திட்டு?

போன இதழ்ல, மலையில சீசன் வேலை பாக்கறவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தேன். வந்த கடுதாசில முக்கால்வாசி ஒரே விஷயம்தான், வர்றவங்க கண்டபடி பேசறாங்க, நாங்க என்ன பண்றதுன்னு. நானும் ஊட்டி பக்கம் ஒரு பார்க்குல டிக்கெட் கவுண்டர்ல ஆரம்பிச்சு ரைடு சூப்பர்வைசர் வரைக்கும் 17 வருஷம் நின்னவதான், அதனால இந்த தடவ மொத்த பக்கமும் இதுக்கே.

கேள்வி: அக்கா, எனக்கு 21 வயசு, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, படுகர் ஊர். தீம் பார்க்குல ரைடு கேட்டுல நிக்கறேன், இது ரெண்டாவது சீசன். மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பையன கூட்டிட்டு வந்தார், ஆறு வயசு இருக்கும். எங்க ரைடுக்கு 120 சென்டிமீட்டர் உயரம் வேணும். பையன் தலையில கம்பளி குல்லா, அதோட நின்னா உயரக் கோட்ட தொடறான், குல்லாவ கழட்டுங்க சார்னு சொன்னேன், அவ்ளோதான். "சளி புடிச்சா நீ பாப்பியா, மாசம் பத்தாயிரம் வாங்கற நீ எனக்கு ரூல்ஸ் சொல்றியா"ன்னு கத்திட்டு போன்ல வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டார். சூப்பர்வைசர் அண்ணா ஓடி வந்து சாரி சார்னு சொல்லி பையன உள்ள விட்டுட்டார். அத்தன பேர் முன்னாடி எனக்கு மூஞ்சியே இல்ல. நான் செஞ்சது தப்பா? திட்டினா வலிக்காம இருக்க என்ன பண்ணணும்?

பதில்: தப்பே இல்ல கண்ணு. அன்னைக்கு அந்த இடத்துல சரியா வேலை பாத்த ஒரே ஆள் நீதான்.

உன் சூப்பர்வைசர் பண்ணினத பத்தி அப்புறம் சொல்றேன், முதல்ல அந்த மனுஷன். உன் கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவருக்கு என்னென்ன நடந்திருக்கும்னு யோசி. இ-பாஸ் எடுக்கணும், 2024 மே 7-ல இருந்து அது இல்லாம வெளியூர் வண்டி நீலகிரி ஏற முடியாது. 2025 ஏப்ரல்ல சீசனுக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8000 வண்டின்னு கணக்கு வேற வச்சாங்க. விடிகாலைல கெளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறுல ஆரம்பிச்சு ஒவ்வொரு வளைவா ஏறி, பின் சீட்டுல புள்ள வாந்தி எடுத்து, செக் போஸ்ட்ல பிளாஸ்டிக் தடைன்னு தண்ணி பாட்டில புடுங்கி வச்சுகிட்டு, குன்னூர்ல டிராபிக்ல நின்னு, பார்க்கிங்குக்கு சுத்தி, டிக்கெட் கியூ, ரைடு கியூ, இவ்ளோ தாண்டி அவர் கேக்கற முதல் "கூடாது" உன் வாயில இருந்து வருது. கோவம் மலை ஏறற வழியில பர்லியாறுலயே ஏறிடுச்சு, இறங்கினது உன் மேல. இத எதுக்கு சொல்றேன்னா, அவர் பேசினது சரின்னு இல்ல, பத்தாயிரம் வாங்கறியேன்னு சொன்னது அசிங்கமான பேச்சு, அதுக்கு எந்த வாந்தியும் டிராபிக்கும் காரணம் ஆகாது. ஆனா அந்த கோவம் உன்ன பாத்து வந்தது இல்லன்னு உனக்கு தெரிஞ்சா, ராத்திரி படுத்துகிட்டு நான் என்ன தப்பா சொன்னேன்னு நூறு தடவ ஓட்டிப் பாக்க மாட்ட.

இப்ப குல்லா விஷயம். ஊட்டிக்கு வந்து இறங்கினதும் முதல்ல வாங்கறதே குல்லாதான், அதுவும் மேல குஞ்சம் வச்சது, அதுல ரெண்டு இன்ச்சு கூடிடும், மொத்தமான ஷூ போட்டிருந்தா இன்னும் ஒண்ணு. இத அப்பாகிட்ட சொல்லாத, புள்ளகிட்ட சொல்லு. முட்டி போட்டு உக்காந்து "தம்பி, குல்லாவ அக்கா கையில குடு, அளந்துட்டு நானே மாட்டி விடறேன்"னு கேளு, நூத்துக்கு தொண்ணூறு புள்ளைங்க தானா கழட்டிக் குடுக்கும், அப்பா வாயத் தொறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். அளந்து உயரம் பத்தலன்னா "ரூல்ஸ் சார்"னு மட்டும் சொல்லாத, அந்த வார்த்தை எண்ணெய ஊத்தின மாதிரி. காரணத்த சொல்லு. எல்லாரும் சொல்றது "நான் பக்கத்துல உக்காந்து புடிச்சுக்கறேன்"னுதான, அங்கதான் ஆபத்தே இருக்கு. ரெண்டு பேருக்கு மடி மேல ஒரே கம்பி இருக்கற ரைடுல அந்த கம்பி இறங்கி வந்து பெரியவங்க தொடையில இடிச்சு நின்னுடும், சின்னப் புள்ள மடிக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு கை போற அளவு இடம் இருக்கும், வண்டி ஆடறப்ப புள்ள அது வழியா கீழ நழுவும். திரும்புற வேகத்துல 20 கிலோ புள்ள 40 கிலோ மாதிரி இழுக்கும், எந்த அப்பாவாலயும் கையில புடிக்க முடியாது. இத கம்பிய தொட்டுக் காட்டி சொல்லு. "சார், கம்பி உங்க தொடையில நின்னுடும், தம்பிக்கு இறுகாது." அதையே மூணு தடவ, அதே குரல்ல. குரல ஏத்தாத, புதுசு புதுசா பதில் தேடாத, பதில் மாறினா பேரம் பேசலாம்னு நெனைப்பாங்க. கையோட, அவன் போகக்கூடிய ரைடு எதுன்னு கை காட்டி அனுப்பு, வெறும் இல்லைய மட்டும் கையில குடுத்து அனுப்பாத.

வீடியோ எடுத்தா எடுக்கட்டும். போன தட்டி விடாத, மூஞ்சிய மூடாத. உன் அம்மா அந்த வீடியோவ பாக்கற மாதிரி நெனச்சு பேசு. ஒரு கை தூரம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல நில்லு, நேருக்கு நேர் நின்னா சண்டைக்கு நிக்கற மாதிரி தெரியும். மூணு தடவைக்கு மேல போச்சுன்னா வாக்கி டாக்கில கூப்பிட்டுட்டு கேட்ட மூடிடு, அதுக்கப்புறம் அது உன் சண்டை இல்ல.

ஆனா கூப்பிட்டா வர்றவர் உன் பக்கம் நிக்கணுமே. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம், ஏன்னா எனக்கும் இதேதான் நடந்துச்சு. என் முதல் சீசன், நான் நிறுத்தின பையன, பேர் கூட ஞாபகம் இருக்கு எழுத வேண்டாம், என் சூப்பர்வைசர் வந்து "இந்த ஒரு தடவ விடும்மா, பெரிய இடம்"னு உள்ள விட்டார். ரைடு ஒரு சுத்து முடிச்சு வர்றப்ப அந்தப் பையன் சீட்டுல இல்ல, சீட்டுக்கு கீழ கால் வைக்கற இடத்துல சுருண்டு கெடந்தான், ஒரு கையால அப்பா சட்டைய புடிச்சுகிட்டு. தாடையில கம்பி இடிச்சு ரத்தம். நல்ல வேளை அதோட போச்சு. இறங்கினதும் அந்த அப்பா என்கிட்ட வந்து கேட்டது என்ன தெரியுமா, "உயரம் பத்தலன்னா நீ ஏன் விட்ட?" பத்து நிமிஷம் முன்னாடி விடுன்னு கத்தின அதே வாய். சூப்பர்வைசர் அந்தப் பக்கமே காணோம்.

அதனால இந்த வரிகள பார்க் நடத்தறவங்க யாராவது படிச்சா, உங்ககிட்டதான் சொல்றேன். கத்தினா காரியம் நடக்கும்னு வர்றவங்களுக்கு கத்துக் குடுக்கறது நீங்கதான். இன்னைக்கு ஒருத்தர விட்டா அவர் அடுத்த ரைடுலயும் கத்துவார், அங்க நிக்கறதும் ஒரு பொண்ணுதான். அளக்கற கட்டைய கியூவோட கடைசில வைக்காதீங்க, முன்னாடி வைங்க, இன்னும் நல்லதுன்னா டிக்கெட் கவுண்டர் பக்கத்துலயே வைங்க. முக்கால் மணி நேரம் வெயில்லயும் மழையிலயும் புள்ளைய நிக்க வச்சுட்டு உயரம் பத்தலன்னு சொன்னா யாருக்கும்தான் வயிறு எரியும். நான் சூப்பர்வைசர் ஆனதும் முதல்ல மாத்தினது அதைத்தான், சண்டை பாதிக்கு மேல கொறஞ்சுது.

வலிக்காம இருக்க வழி கேட்ட. வலிக்கும் கண்ணு. ஆனா திட்டு வாங்கின உடனே அதே கேட்டுல நிக்காத, அஞ்சு நிமிஷம் மாத்தி விட ஆள் கேளு. இது உன்ன தாங்கறதுக்காக மட்டும் இல்ல, கை நடுங்கிட்டே நிக்கறவங்க அடுத்த ட்ரிப்புல கம்பி பூட்டு விழுந்துச்சான்னு சரியா பாக்க மாட்டாங்க. அப்படி சொல்லிக் கேளு, எந்த மேனேஜரும் மறுக்க முடியாது. அன்னைக்கு நடந்தத தேதி, நேரம் போட்டு ரெஜிஸ்டர்ல எழுது, யார் உள்ள விட்டாங்கன்னும் எழுது.

கேள்வி: அக்கா, நான் கூடலூர் பையன், ரைடு ஓட்டறேன். மழை சீசன்ல மிஸ்ட் எறங்கினா நிறுத்தச் சொல்லி ஆர்டர். நிறுத்தினா ஜனங்க காச குடு, ஏமாத்தறீங்கன்னு சட்டைய புடிக்காத குறை. எப்ப ஓடும்னு கேட்டா எனக்கே தெரியாது, என்ன சொல்ல?

பதில்: தம்பி, நம்ம ஊருல மிஸ்ட் ரெண்டு நிமிஷத்துல வந்து மூடிடும்னு நமக்கு தெரியும், கோயம்புத்தூர்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வர்றவங்களுக்கு அது போட்டோ எடுக்கற அழகு, ஆபத்துன்னு தோணாது. அதனால நிறுத்தினப்புறம் விளக்காத, நிறுத்தறதுக்கு முன்னாடியே சொல்லு. தூரத்து மரம் மங்க ஆரம்பிச்சதுமே கியூவுல நடந்து போய் "மிஸ்ட் வருதுங்க, கடைசி பெட்டி எனக்கு தெரியலன்னா நிறுத்திடுவோம், இடி மின்னல்னாலும் அப்படித்தான்"னு சொல்லிடு. முன்னாடியே கேட்டவங்க நிறுத்தினதும் "ஆமா சொன்னாங்க"ன்னு பேசிக்குவாங்க, பாதி சமாதானத்த அவங்களே பண்ணி வைப்பாங்க. பத்து நிமிஷத்துல ஓடும்னு வாக்கு குடுக்காத. "பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நானே வந்து சொல்றேன்"னு சொல்லு, சொன்ன நேரத்துக்கு போய் நில்லு, சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும். காசு திருப்பிக் குடுக்கற விஷயம் உன் கையில இல்ல, அத டிக்கெட்லயும் போர்டுலயும் பெருசா போட வேண்டியது ஆபீஸ். போடலன்னா போடச் சொல்லி எழுதிக் குடு.

கேள்வி: பேர் போட வேண்டாம். என்ட்ரன்ஸ்ல வர்றவங்க மணிக்கட்டுல டிக்கெட் பேண்ட் கட்டி விடற வேலை. குடிச்சுட்டு வந்த ஒரு கும்பல்ல ஒருத்தன் கைய விடாம புடிச்சுகிட்டு அசிங்கமா பேசினான், மத்தவனுங்க சிரிச்சானுங்க. ஆபீஸ்ல சொன்னா "கெஸ்ட்டும்மா, கண்டுக்காத"ங்கறாங்க.

பதில்: கண்டுக்கணும் அம்மணி. கோவக்கார அப்பா வேற, இது வேற. அவர்கிட்ட பொறுமை, இவன்கிட்ட போலீஸ்.

சட்டத்த நேரா சொல்றேன். பெண்கள மானபங்கப்படுத்தற மாதிரி பேசினாலோ சைகை காட்டினாலோ பிஎன்எஸ்ங்கற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 79-வது பிரிவு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு. கைய புடிச்சு இழுத்தா 74-வது பிரிவு. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய ஐபிசி சட்டத்துக்கு பதிலா இதுதான் நடப்பு. அதோட, வேலை செய்யற இடத்துல பாலியல் தொல்லைய தடுக்கற 2013 சட்டத்துல, அங்க வந்து போற வெளியாளுங்ககிட்ட இருந்தும் பாதுகாப்பு குடுக்கறது முதலாளியோட கடமைன்னு தெளிவா எழுதியிருக்கு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா உள்புகார் கமிட்டி இருந்தே ஆகணும், அதுகிட்ட மூணு மாசத்துக்குள்ள புகார எழுத்துல குடுக்கணும். நீ போலீஸ் போறேன்னா நிர்வாகம் உதவணும், கண்டுக்காதன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இல்ல.

அடுத்த தடவ நடந்தா சத்தமா "கைய எடுங்க"ன்னு சொல்லு, பக்கத்து கவுண்டருக்கு கேக்கற மாதிரி. அவசர நம்பர் 112 இல்லன்னா பெண்கள் உதவி நம்பர் 181-க்கு போன் போடு. கேமரா பதிவு அழியறதுக்குள்ள அத எடுத்து வைங்கன்னு அன்னைக்கே எழுதிக் குடுத்து, குடுத்ததுக்கு நகல்ல கையெழுத்து வாங்கிக்கோ. பேண்ட அவங்கவங்களே கட்டிக்கட்டும், நீ டேபிள் மேல வச்சா போதும்னு மாத்தச் சொல்லு, ஆண்களுக்கு ஆண் கட்டி விடட்டும். பைசா செலவு இல்லாத விஷயம். இவ்ளோ சொல்லியும் ஆபீஸ் அசையலன்னா எனக்கு மறுபடி எழுது, கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத நானே கூட வர்றேன்.

கேள்வி: நாங்க திருப்பூர்ல இருந்து வருஷா வருஷம் பூக்காட்சிக்கு வர்றோம். பார்க்குல வேலை பாக்கறவங்க மட்டும் ரொம்ப ஒழுங்கா? ஒரு கேள்வி கேட்டா மூஞ்சி குடுத்து பேசறதில்ல, பாத்ரூம் எங்கன்னு கேட்டா வெரல நீட்டி அங்கங்கறாங்க. அதையும் எழுதுங்க.

பதில்: எழுதறேங்க, நீங்க சொல்றது நெசம். மலை ஏறி குளிருக்கு வந்ததும் எல்லாருக்கும் முதல் தேவை பாத்ரூம், அடுத்தது தண்ணி, அது தெரிஞ்சே இப்படி பதில் சொல்றது தப்புதான். ஒத்தை வெரல நீட்டாம முழுக் கையையும் விரிச்சு காட்டணும்னு நான் புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லுவேன், டிஸ்னி பார்க்குலயும் ஒத்தை வெரல நீட்டாதன்னுதான் சொல்லிக் குடுக்கறாங்க, ஒத்தை வெரல் யாருக்கும் புடிக்காது.

ஆனா ஒண்ணு கேளுங்க. காலைல ஒம்போது மணிக்கு நின்ன கால், சாயந்தரம் வரைக்கும் உக்காரல. 2021-ல தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டத்த திருத்தி வேலை பாக்கறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, அந்த சட்டத்துல பொழுதுபோக்கு இடங்களும் சேரும். எத்தனை கேட்டுல ஸ்டூல் இருக்குன்னு அடுத்த தடவ வர்றப்ப நீங்களே பாருங்க. இல்லன்னா, அங்க இருக்கற கருத்து நோட்டுல "உங்க ஸ்டாஃபுக்கு உக்கார சேர் போடுங்க"ன்னு எழுதிட்டு போங்க. நாங்க கேட்டா நடக்காதது டிக்கெட் வாங்கினவங்க கேட்டா நடக்குதுங்க, நான் பாத்திருக்கேன்.

அப்புறம் கேட்டுல நிக்கற பொண்ணு புள்ளையோட குல்லாவ கேட்டா குடுத்துடுங்க. அளந்ததும் அவளே காது மூட மாட்டி விடுவா.