எரிமலைப் பாறைகளை ஆராயும் பேராசிரியரின் வேலை எப்படி இருக்கும்?

இப்படிப்பட்டவர் எப்போதும் எரிமலை மேலேயே இருப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. களப்பணி பெரும்பாலும் வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்கள் வகுப்பு, மாணவர்களின் ஆய்வேடு, நிதி விண்ணப்பம் என்று போகும்.

உண்மையான சுவாரசியம் ஆய்வகத்தில்தான். பசால்ட் என்ற எரிமலைக் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். முனைவாக்கிய ஒளியில், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியில், நுண்ணோக்கி வழியே பார்த்தால், அந்தக் கறுப்புக் கல்லுக்குள் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் நீலமும் ஊதாவுமாக மின்னும். அந்த அழகுக்காகவே இந்தத் துறைக்கு வரலாம்! படிகம் மரத்தைப் போல உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக வளரும். நடுவில் புது மாக்மா, அதாவது பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு, வந்து கலந்தால் அடுத்த அடுக்கின் வேதியியல் மாறிவிடும். நாள் ஆக ஆக இரு அடுக்குகளுக்கும் இடையிலான எல்லை மங்கும். அது எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்தால், கலந்து எத்தனை நாள் அல்லது ஆண்டு கழித்து எரிமலை வெடித்தது என்று கணக்கிடலாம்.

அப்புறம், பாறையின் வயது. பாறையில் உள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு சிதைந்து உண்டான ஆர்கான் வாயுவை அளந்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள்.